ஆரஞ்சு லேப்டாப்போடு ஒரு அமாவாசை

திண்டிவனத்தில் பிளாஸ்டிக் சாமான்கள் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் நான் வேலை பார்க்கிறேன். வாளி, டிபன் பாக்ஸ், சோப்பு டப்பா என்று எதைச் செய்வதானாலும் முதலில் அதற்கு இரும்பில் அச்சு வேண்டும். அந்த அச்சைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது என் வேலை. வீடு விழுப்புரத்தில். கணவர் அங்கே பஸ் பணிமனையில் மெக்கானிக்.

இந்த வேலைக்கு நான் வந்ததற்கு ஒரு படம் காரணம். பாலிடெக்னிக்கில் சேர்ந்த புதிதில் கம்ப்யூட்டர் அறை என்றாலே எனக்கு நடுக்கம். செருப்பை வெளியே விட வேண்டும். உள்ளே ஏசி குளிர். பழுப்பு நிறத்தில் வரிசையாகப் பெட்டிகள், பின்னால் கொத்துக் கொத்தாக ஒயர்கள். என் அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். ஏதாவது ஒரு பொத்தானைத் தப்பாக அமுக்கி அது கெட்டுப்போனால் அப்பாவைக் கூட்டிவரச் சொல்வார்கள் என்று பயந்து, பல நாள் மவுசைத் தொடாமலேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்துப் பெண் செய்வதை எட்டிப் பார்த்துத்தான் ரெக்கார்ட் எழுதினேன்.

அப்போது நூலகத்துக்கு வந்த ஓர் ஆங்கில இதழில் அந்த லேப்டாப்பின் படத்தைப் பார்த்தேன். நல்ல ஆரஞ்சு நிறம். மூடிய கிளிஞ்சல் மாதிரி மூலையே இல்லாத உருண்டை உடம்பு. நடுவில் பால் வெள்ளை, ஓரமெல்லாம் ஆரஞ்சு ரப்பர். மூடி திரும்புகிற இடத்தில் ஒரு கைப்பிடி. தூக்குச் சட்டியைத் தூக்குவதுபோல அதைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் புல்வெளியில் நடந்து போகிறாள். கம்ப்யூட்டரைப் பார்த்து எனக்குப் பயம் வராமல் போனது அதுதான் முதல் தடவை. இதை யாரோ உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள், இந்த வளைவை யாரோ முடிவு செய்திருக்கிறார்கள் என்று தோன்றியது. வளைவை வரைவது ஒரு வேலை என்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

அதைச் செய்தது அமெரிக்காவில் ஒரு பெரிய கம்பெனி. பள்ளிப் பிள்ளைகளுக்காகவும் வீட்டில் வைத்துக்கொள்கிறவர்களுக்காகவும் செய்தார்கள். நீலத்திலும் ஒன்று வந்தது. வந்த காலத்தில் நிறைய பேர் சிரித்தார்களாம். பெண்பிள்ளைகளின் கைப்பை என்றார்கள். கழிப்பறை மூடி என்றுகூட எழுதினார்கள். ஆனால் அதன் மூடிக்குக் கொக்கி கிடையாது, மூடினால் தானாக நிற்கும். ஒயர் இல்லாமல் காற்று வழியாக இன்டர்நெட் பிடிக்கும் வசதியைச் சாதாரண ஜனங்களின் லேப்டாப்புக்குக் கொண்டுவந்ததும் அதுதான். இன்று யார் லேப்டாப்பிலும் கொக்கி இல்லை, வைஃபை இல்லாத லேப்டாப்பும் இல்லை. நிறமும் உருண்டையும் கைப்பிடியும்தான் போய்விட்டன. இப்போது எல்லாம் கறுப்புப் பலகை, இல்லாவிட்டால் வெள்ளிப் பலகை. இருந்தாலும் அந்த நிறம் வேறு வழியில் நம் ஊருக்கு வந்து சேர்ந்தது. உள்ளே இருப்பது மங்கலாகத் தெரிகிற ஆரஞ்சும் நீலமும் கொஞ்ச வருஷத்தில் பேனாவிலும் சுவர்க்கடிகாரத்திலும் இஸ்திரிப் பெட்டியிலும் வந்தன. எங்கள் கம்பெனி சோப்பு டப்பாவிலும் வந்தது. அந்தச் சோப்பு டப்பாவுக்குக் கலர் பொடி கலக்கும்போது நான் பக்கத்திலேயே நின்று, இன்னும் கொஞ்சம் மஞ்சள், இன்னும் கொஞ்சம் சிவப்பு என்று ஆப்பரேட்டரின் உயிரை எடுத்தேன்.

அந்த லேப்டாப்பைக் கண்ணால் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. கம்பெனியில் பேக்கிங் பகுதியில் வேலை செய்யும் பெண் ஒருத்தி என்னோடு சாப்பிடுவாள். என்னைவிட ரொம்பச் சின்னவள், கைக்குழந்தைக்காரி. கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய அக்கா குயிலாப்பாளையத்தில் இருக்கிறாள். அங்கே ஒரு வயதான வெள்ளைக்காரம்மா வீட்டில் சமையல் வேலை. அந்த அம்மா சொந்த நாட்டுக்கே திரும்பிப் போவதால் வீட்டைக் காலி செய்து, சாமான்களை வேலை செய்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் இவள் போனைக் கொண்டுவந்து காட்டினாள்.

"அக்கா, நீங்க எப்பப் பாத்தாலும் சொல்லிக்கினு இருப்பீங்களே, ஆரஞ்சு கலர் கம்ப்யூட்டரு. இதுதானா பாருங்க. எங்க அக்கா வூட்ல கெடக்குது. ஓடாதாம். வேணும்னா வந்து எடுத்துக்கினு போவச் சொன்னா."

படத்தில் ஒரு கயிற்றுக் கட்டில், அதன்மேல் அது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை போவதென்று முடிவு செய்தேன். கணவரையும் கூப்பிட்டேன்.

"அன்னிக்கு அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ்ஸு விடறாங்க. எனக்கு எங்க லீவு குடுப்பான்? நீ போயிட்டு வா. இருட்டறதுக்குள்ள வந்துடு" என்றார்.

அந்த வாரம் முழுக்க எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று வந்துகொண்டிருந்தது. பொம்மை காட்டுகிறார்கள், சாக்லேட் கொடுக்கிறார்கள், மயக்கி வேனில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று ஒரு குரல் பதிவு. பேசுகிறவர் யார், எந்த ஊர் என்று ஒன்றும் இல்லை. பாதி கேட்டுவிட்டு நிறுத்திவிட்டேன். எனக்குப் பிள்ளை இல்லை. அதனால் அது எனக்கான செய்தி இல்லை என்று நினைத்தேன்.

குயிலாப்பாளையத்தில் அந்த அக்கா அதை ஒரு பழைய நைட்டியில் சுற்றிக் கொண்டுவந்தாள். பிரித்ததும் நான் கைப்பிடியைத்தான் முதலில் பிடித்தேன். நினைத்ததைவிடக் கனம். ஓரத்து ரப்பர் லேசாகப் பிசுபிசுத்தது, வெள்ளை கொஞ்சம் மஞ்சளாகியிருந்தது. ஆரஞ்சு மட்டும் படத்தில் பார்த்த அதே ஆரஞ்சு. கூடவே சார்ஜர். அதுவும் வட்டமாக, சுற்றிலும் ஒயரைச் சுற்றி வைத்துக்கொள்கிற மாதிரி ஒரு தட்டு.

"அந்தம்மா இதுல ரொம்ப வருஷம் எழுதிக்கினு இருந்தாங்க. அப்புறம் கெட்டுப்போயிடுச்சு. ஆனா தூக்கிப் போடல, அலமாரியிலயே வச்சிருந்தாங்க" என்றாள். பிறகு ஒரு பையை நீட்டினாள். "தங்கச்சி கொயந்தைக்கு ரெண்டு கவுனு எடுத்தேன். நீங்க விழுப்புரம் போற வழிதானே, குடுத்துட்டுப் போங்க. வூட்லதான் இருப்பா."

திண்டிவனம் வந்து, அங்கிருந்து விழுப்புரம் பஸ்ஸில் ஏறி, கூட்டேரிப்பட்டில் இறங்கினேன். லேப்டாப் எந்தப் பைக்குள்ளும் அடங்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துத்தான் தூக்கிவந்தேன். உண்மையைச் சொன்னால் அப்படித் தூக்கிவரத்தான் எனக்குப் பிடித்திருந்தது. குழந்தை இருக்கிற வீட்டுக்கு வெறும் கையோடு போகக் கூடாது என்று ஜங்ஷன் கடையில் ஒரு பாக்கெட் சாக்லேட் வாங்கினேன். ஷேர் ஆட்டோ பிடித்து உள்ளே போனேன். தண்ணீர் டேங்க் பக்கத்தில் இறக்கிவிட்டு ஆட்டோ போய்விட்டது.

தெரு வெறிச்சென்று இருந்தது. பாதி வீடுகளில் பூட்டு. பேக்கிங் பகுதித் தோழிக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. டேங்க் நிழலில் நாலைந்து பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் தோழியின் பெயரைச் சொல்லி வீடு எது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. கம்பெனியில் நாங்கள் அறிந்த பெயர் அவள் சான்றிதழில் உள்ள பெயர். ஊரில் அவளை அந்தப் பெயரால் யாருமே கூப்பிடுவதில்லை என்பது எனக்குத் தெரியாது.

மஞ்சள் கவுன் போட்ட ஒரு சின்னப் பெண், ஆறு வயது இருக்கலாம், என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆயா, அது இன்னா? பொட்டியா?"

என்னை ஆயா என்று கூப்பிட்டதில் எனக்குச் சிரிப்பு வந்தது. "கம்ப்யூட்டர்டி" என்றேன்.

"பொய். கம்ப்யூட்டர் கறுப்பா இருக்கும். எங்க சித்தி வச்சிருக்கு."

நான் டேங்க் மேடையில் அதை வைத்து மூடியைத் திறந்து காட்டினேன். பிள்ளைகள் ஓடிவந்து மொய்த்துக்கொண்டார்கள். ஒருவன் கைப்பிடியை மடக்கி விரித்தான். ஒருத்தி ரப்பரைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அந்தப் பொருள் எதற்காகச் செய்யப்பட்டதோ அது என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். சாக்லேட் பாக்கெட்டைப் பிரித்து ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். பிறகு மஞ்சள் கவுன் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "வர்றியா? நாம ரெண்டு பேரும் போய் அந்த வீட்டைத் தேடலாமா?" என்று கேட்டேன்.

அப்போது பைக் சத்தம் கேட்டது. ஒரு ஆள் பைக்கை நிறுத்தி, இறங்காமலே என்னைப் பார்த்தார்.

"யாரும்மா நீ? கொயந்தைய எங்க இட்டுக்கினு போற?"

சொன்னேன். தோழியின் பெயரைச் சொன்னேன், கம்பெனி பெயரைச் சொன்னேன்.

"அப்படி ஒருத்தி இந்த ஊர்லயே கெடயாது. சாக்லேட்டு யார் குடுத்தது? நீயா?"

அவர் கேட்ட விதத்தில் எனக்கு அந்தக் குரல் பதிவு நினைவு வந்தது. பிள்ளையின் கையை விட்டேன். விட்டதே தப்பாகப் போயிற்று. அவள் பயந்து அழுதபடி ஓடினாள்.

எங்கிருந்து வந்தார்கள் என்றே தெரியவில்லை. வெறிச்சென்று இருந்த தெருவில் இருபது முப்பது பேர். ஒரு பெண் தன் மகனின் வாயில் விரலை விட்டுச் சாக்லேட்டைத் தோண்டி எடுத்தாள். ஒரு பையன் என் முகத்துக்கு நேராகப் போனை நீட்டி வீடியோ எடுத்தான். "கூட வந்த ஆளுங்க வேன்ல வெயிட் பண்ணிக்கினு இருப்பானுங்க, ரோட்டை மறிங்கடா" என்று யாரோ கத்தினார்கள்.

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "நான் விழுப்புரங்க. என் வீட்டுக்காரர் டெப்போல வேலை பாக்கறாருங்க. வேணும்னா போன் பண்ணித் தர்றேன்" என்றேன். போனை எடுத்ததும் பிடுங்கிக்கொண்டார்கள்.

"இது இன்னாது? உள்ள இன்னா வச்சிருக்க?" பைக்கில் வந்தவர் லேப்டாப்பைக் காட்டினார்.

"பழைய கம்ப்யூட்டர்ங்க."

"ஆன் பண்ணு."

"பேட்டரி இல்லைங்க. கரண்ட் குடுத்தாத்தான்..."

"கம்ப்யூட்டர் இந்த மாதிரியாடி இருக்கும்? கவர்மென்ட் குடுத்தது எங்க வூட்லயே ரெண்டு இருக்குது. புள்ளைங்கள மயக்கறதுக்குன்னே பொம்மை செஞ்சு எடுத்துக்கினு வந்திருக்கா பாரு."

அவர் அதைக் கைப்பிடியில் தூக்கித் தரையில் ஓங்கி அடித்தார். அது உடையாமல் ஒருமுறை எம்பிக் குதித்தது. இரண்டாவது தடவை ஒரு ஓரம் விரிந்தது. அந்த நேரத்தில்கூட என் கண் அந்த விரிசலுக்குள் போனது. வெள்ளைக்குக் கீழே இன்னொரு அடுக்கு, எவ்வளவு தடிமனாக வார்த்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். பயம் மனுஷனை என்னவெல்லாம் செய்ய வைக்கிறது என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை.

முதல் அறை பின்னாலிருந்து விழுந்தது. பிறகு யாரோ கொண்டையைப் பிடித்து இழுத்தார்கள். கீழே விழுந்தேன். இனி எழுந்திருக்க முடியாது என்று மட்டும் தெரிந்தது. செருப்புக் கால்கள்தான் கண்ணில் பட்டன.

அப்போது ஒரு கை என் தோளுக்குக் கீழே நுழைந்து தூக்கியது. பெண் கை. "விடுங்க. எம் பொண்ணைத்தானே புடிச்சா? நான் பாத்துக்கறேன், விடுங்கடா" என்று காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல் கத்தியது. என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு எதிரே இருந்த ஒரு வீட்டுக்குள் தள்ளி, தாழ்ப்பாள் போட்டாள்.

தொகுப்பு வீடு. ஒரே அறை. ஜன்னல் சாத்தியிருந்தது. மூலையில் மஞ்சள் கவுன் பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் இவள் அந்தப் பிள்ளையின் அம்மா என்று புரிந்தது. அவள் கையில் அரிவாள்மனை. கதவுக்கு வெளியே அத்தனை பேர் இருக்கும்போது எனக்கு இல்லாத பயம், அந்த அரிவாள்மனையைப் பார்த்ததும் வந்தது. சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"சத்தம் போடாத. நகராத" என்றாள். மகளுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாள். அவளுக்கு என்னைவிட அதிகமாக மூச்சு வாங்கியது. வியர்வையில் ஜாக்கெட் நனைந்திருந்தது. நூறு நாள் வேலைக்கும் களை எடுக்கவும் போகிற உடம்பு. முப்பது வயதுகூட இருக்காது.

கதவை உதைத்தார்கள். தகரம் அடித்த மரக்கதவு அது. ஒவ்வோர் உதைக்கும் தாழ்ப்பாள் குதித்தது.

"தொறடி! அவளை வெளிய அனுப்புடி!"

"போலீசுக்குப் போன் போட்டாச்சு. வந்தா தொறக்கறேன். கதவ ஒடச்சீங்கன்னா உங்க பேரெல்லாம் சொல்லிடுவேன்" என்று உள்ளிருந்தே கத்தினாள். பிறகு போனை எடுத்து அப்போதுதான் போலீசுக்குப் போட்டாள். இரண்டு தடவை எண்ணைத் தப்பாக அழுத்தினாள். ஊர் பெயரைச் சொல்லி, "ஜல்தியா வாங்க சார், அடிச்சே கொன்னுடுவாங்க போலருக்குது" என்றாள்.

வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீ புள்ள புடிக்கிறவளா?"

அப்படி நேராக யாரும் என்னைக் கேட்டதில்லை. "இல்லம்மா" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு மேல் என்னிடம் எந்தச் சான்றும் இல்லை. ஆதார் அட்டை, கம்பெனி அட்டை எல்லாம் இருந்த பை வெளியே கிடந்தது.

அவள் நம்பினாளா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. மகளைப் பார்த்து, "உங்கிட்ட இன்னாடி சொன்னா?" என்று கேட்டாள்.

"வூடு தேடலாமான்னு கேட்டாங்க."

"யாரு வூடு?"

நான் தோழியின் பெயரை மறுபடி சொன்னேன். தெரியவில்லை என்று தலையாட்டினாள். திண்டிவனத்தில் டப்பா கம்பெனியில் வேலை செய்கிறவள், கைக்குழந்தை உண்டு, அக்கா குயிலாப்பாளையத்தில் என்று தெரிந்ததையெல்லாம் சொன்னேன். கடைசியில், "மேல் உதட்டுல மச்சம் இருக்கும்" என்றேன்.

அவள் கண்ணைச் சுருக்கினாள். தோழியை ஊரில் கூப்பிடும் பெயரைச் சொன்னாள். "அவளா? அவ வூட்டோட மலையனூர் போயிருக்காளே. காலையிலேயே வேன்ல ஏறிட்டாங்க."

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கோயில் கூட்டத்தில் அவள் போன் எப்படி எடுக்கும்? பாதி ஊரே அங்கே போயிருக்கிறது. என்னை அடையாளம் சொல்லக்கூடிய ஒரே ஆள் அங்காளம்மன் சன்னதி வரிசையில் நிற்கிறாள்.

வெளியே சத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. யாரோ ஜன்னலில் கல் எறிந்தார்கள். மூவரும் ஒரே சமயத்தில் குனிந்தோம். பிள்ளை அம்மாவின் புடவைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். அந்தப் பெண் அரிவாள்மனையைக் கீழே வைக்கவே இல்லை. ஆனால் எப்போது திரும்பினாள் என்று தெரியவில்லை, இப்போது அதன் முனை கதவைப் பார்த்து இருந்தது. ஒரு சொம்புத் தண்ணீரைக் காலால் என் பக்கம் தள்ளினாள். எடுத்துக் குடித்தேன். பாதி மேலே சிந்தியது.

அந்த அறையில் எவ்வளவு நேரம் இருந்தோம் என்று சொல்லத் தெரியவில்லை. ஜீப் சத்தம் கேட்டபோது அவள், "நீ முதல்ல போவாத. நான் முன்னாடி போறேன்" என்றாள். கதவைத் திறந்ததும் மூன்று போலீஸ்காரர்கள். அவர்களில் ஒரு பெண் போலீஸ் என்னைத் தன் பக்கவாட்டில் அணைத்துக்கொண்டு ஜீப்புக்குக் கூட்டிப் போனார். கூட்டம் ஜீப்பைத் தட்டியது. நான் தலையைக் குனிந்து முழங்காலுக்குள் வைத்துக்கொண்டேன். ஜீப் தார் ரோட்டுக்கு வந்த பிறகும் நிமிரவில்லை.

ஸ்டேஷனில் என் பையும் போனும் லேப்டாப்பும் ஒரு மேசையில் இருந்தன. கணவருக்குப் போன் போனது. எழுத்து வேலை பார்த்த ஏட்டு லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, இது நெஜமாவே கம்ப்யூட்டரா? எழுதணும் இல்ல, பொய்யா எழுத முடியாது."

பையிலிருந்து வட்டச் சார்ஜரை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைச் சுவரில் செருகி, மறுமுனையை லேப்டாப்பின் பக்கத்தில் செருகினார். செருகின இடத்தைச் சுற்றி ஒரு சின்ன வளையம் ஆரஞ்சு வெளிச்சத்தில் எரிந்தது. நான் பொத்தானை அமுக்கினேன். பல வருஷம் அலமாரியில் கிடந்து, தரையில் இரண்டு அடி வாங்கிய அது, நிதானமாக ஒரு மணி அடித்தது. திரை வெளுத்தது. நடுவில் ஒரு சின்ன உறை, அதன்மேல் கேள்விக்குறி, விட்டு விட்டு மின்னியது. உள்ளே இருக்க வேண்டிய ஹார்ட் டிஸ்க் செத்துப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

"என்னம்மா இது? நான் கேக்கறது பத்தாதுன்னு அதுவும் கேள்வி கேக்குது?" என்றார் ஏட்டு. பெண் போலீஸ் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே பல் கிட்டித்துக்கொண்டு நடுக்கம் ஆரம்பித்தது. பெண் போலீஸ் டீ வாங்கிவரச் சொன்னார். டம்ளரைப் பிடிக்க முடியாமல் மேசையிலேயே வைத்துக் குனிந்து குடித்தேன்.

தோழி சாயங்காலம் கூப்பிட்டாள். வேனில் திரும்பி வரும்போது யாரோ அந்த வீடியோவைக் காட்டியிருக்கிறார்கள். "அக்கா, அக்கா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். கணவர் வேலை உடையோடு, கையில் கிரீஸோடு வந்தார். ஸ்டேஷன் வாசலில் என் கூந்தலை அள்ளி அவரே கொண்டை போட்டுவிட்டார். அது நிற்கவில்லை, அவிழ்ந்துவிட்டது.

பைக்கில் வந்தவர் மேலும் இன்னும் சிலர் மேலும் வழக்குப் போட்டார்கள். ஊர்க்காரர்கள் தோழி மூலமாக வந்து பேசினார்கள். நான் வழக்கை வாபஸ் வாங்கவும் இல்லை, அதைப் பிடித்துக்கொண்டு அலையவும் இல்லை. கூப்பிட்ட தேதிக்குப் போய் வருகிறேன். அந்த ஆளை அங்கே பார்க்கும்போது அவர் தரையைப் பார்க்கிறார். நான் பெஞ்சின் மறு ஓரத்துக்கு நகர்ந்து உட்காருகிறேன். அவருக்கு இரண்டு பிள்ளைகளாம். அன்று அவரும் பயந்துதான் அடித்தார் என்று தோழி சொல்கிறாள். இருக்கலாம். அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. அதற்காக என் உடம்பு அதை ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறது.

சில மாதம் கழித்து கணவரோடு அந்த வீட்டுக்குப் போனேன். தோழி முன்னால் நடந்தாள். அந்தப் பெண் வாசலில் மல்லாட்டைத் தோட்டை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து எழுந்து, பாயை எடுத்துப் போட்டாள்.

"எதுக்கும்மா என்னைக் காப்பாத்துன?" என்று கேட்டேன். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த கேள்வி அது.

"தெரில. கண்ணு முன்னாடி அடிக்கறாங்க, பாத்துக்கினு நிக்க முடியல, அவ்ளோதான்" என்றாள். இன்னொரு காயை உடைத்தாள். "உள்ள இருக்கும்போது உன்னை நம்பல. மச்சம் சொன்ன பாரு, அதுக்கு அப்புறமும் நம்பல. போலீஸ் வந்து கூட்டிக்கினு போனதுக்கு அப்புறம் கூட என் பொண்ணை ரெண்டு நாளு ஸ்கூலுக்கு அனுப்பல. ஊர்க்காரங்க எங்கிட்ட ரொம்ப நாளு பேசல. பேஜாரா போச்சு."

"இப்ப?"

"இப்பப் பேசறாங்க."

மஞ்சள் கவுன் பெண் கதவுக்குப் பின்னால் நின்று பாதி முகம் மட்டும் காட்டினாள். நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். கூப்பிடவில்லை. கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. கணவர் வாங்கிய பழங்களை அம்மாவிடம்தான் கொடுக்க வேண்டும் என்று பஸ்ஸிலேயே சொல்லி வைத்திருந்தேன். கிளம்பும்போது அந்தப் பிள்ளை, "அந்த ஆரஞ்சுப் பொட்டி உடைஞ்சிடுச்சா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அவள் அம்மா, "உள்ள போ" என்றாள். பிள்ளை போய்விட்டாள்.

உடைந்த ஓரத்தை நானே ஒட்டினேன். எங்கள் கம்பெனியில் அந்த நிறம் கலந்து அந்த இடத்துக்கு ஒரு துண்டு வார்த்துப் பார்த்தோம், அச்சாகப் பொருந்தவில்லை. லேப்டாப் இப்போது என் வேலை மேசைக்கு அடியில் இருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் பார்த்தால் வெளியே எடுத்து, இந்த வளைவை எப்படி வரைந்திருக்கிறார்கள், கைப்பிடியை ஏன் வைத்தார்கள் என்று சொல்லிக் காட்டுகிறேன். கம்பெனிக்கு வெளியே அதை ஒருபோதும் எடுத்துப் போவதில்லை. போன வாரம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் கூட்டத்தில் ஒரு குழந்தை அம்மாவைத் தவறவிட்டு அழுதுகொண்டு நின்றது. என் முந்தானையை வந்து பிடித்தது. அதன் கையைப் பிடிக்க என்னால் முடியவில்லை. இரண்டு கையையும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மேலே தூக்கிக்கொண்டு, "யாராவது வாங்களேன், யாராவது வாங்களேன்" என்று அதன் அம்மா ஓடிவரும்வரை கத்திக்கொண்டே நின்றேன்.